பிளைட்டி

1918ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாளில், முற்பகல் 11 மணிக்கு, முதலாம் உலக மகாயுத்தத்தின் மேற்குப் போர்முனையிலே பீரங்கிகள் ஓய்ந்தன.

அந்த யுத்தத்தில் ஆங்கிலச் சிப்பாய்களின் நாவில் ஓயாது பயின்ற சொல் ‘பிளைட்டி’. தாய்நாடாகிய பிரித்தானியா என்பது அதன் பொருள். ஆயினும் அதன் பிறப்பு ஆங்கிலமன்று. ஆட்சிக்குட்பட்ட நிலப்பகுதியைக் குறிக்கும் ‘விலாயத்’ என்னும் அரபுச் சொல், இந்துஸ்தானியில் ‘விலாயதி’, ‘பிலாயதி’ என வழங்கி, அந்நிய நாட்டுக்குரியது, சிறப்பாக இங்கிலாந்துக்குரியது எனப் பொருள் பெற்றது. இந்தியாவிற் பணிபுரிந்த சிப்பாய்கள் அதனைத் தமதாக்கிக்கொண்டனர். நாட்டுப் பகுதியைச் சுட்டிய நமது ‘சீமை’யும் இங்கிலாந்தைச் சுட்டலாயிற்று அன்றோ?

உயிரைப் பறிக்காது, ஊருக்கு அனுப்பிவைக்கப் போதுமான காயத்துக்கும் ‘பிளைட்டி’ என்றே பெயர். அக்காயத்தை வரமாக வேண்டியோர் பலர். ஆனால் தன்னைத்தானே சுட்டுக்கொள்வது இராணுவச் சட்டப்படி குற்றம்.

போர் அதிர்ச்சியுற்று 1917இல் நாடு திரும்பிய கவிஞர் வில்பிரட் ஓவன், மீண்டும் களஞ்சென்று 1918 நவம்பர் 4இல் வீழ்ந்தார். சமாதான மணிகள் ஒலித்த 11ஆம் நாளன்றே அச்செய்தி பெற்றோரை எட்டியது. அவர் பிளைட்டிக்கு மீளவில்லை. தந்தி மட்டுமே வந்தது.