எந்தச் சட்டத்தின்படி?

(புக்கிட் பெருவாங்கில் ஆற்றிய உரை)



அமெரிக்க ஜனாதிபதி போட்ட வரிக்கும் பால் வெட்டும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கிறார்கள். சம்பந்தம் உண்டு. நம் நாட்டு ரப்பர் கையுறைகளை ஏராளமாக வாங்கும் நாடு அமெரிக்கா. அங்கே கிராக்கி குறைந்தால் இங்கே பால் விலை ஆடும். பால் விலை ஆடினால் நம் வீட்டு அடுப்பும் ஆடும்.

நடந்ததைச் சொல்கிறோம். 2025 ஏப்ரல் 2-ஆம் தேதி ஜனாதிபதி டிரம்ப் பல நாட்டுச் சரக்குகளுக்கும் வரி அறிவித்தார். மலேசியாவுக்கு முதலில் 24 சதவீதம் என்றார். ஜூலையில் 25 என்றார். ஆகஸ்டில் 19 ஆக்கினார். இதற்குக் காங்கிரஸ் சபை ஓட்டுப் போடவில்லை. 1977-ஆம் ஆண்டின் அவசரகாலப் பொருளாதார அதிகாரச் சட்டத்தைக் காட்டி, தாமே கையெழுத்திட்டு விதித்தார்.

சுங்கவரியை வெளிநாட்டான் கட்டுவதாக எண்ணலாகாது. சரக்கை இறக்குமதி செய்பவன்தான் கட்டுகிறான். கட்டியதை வாங்குபவர் தலையிலும், முடிந்தால் விற்பவர் தலையிலும் ஏற்றப் பார்க்கிறான்.

வழக்குக்கு முன்வந்தவர்கள் பெரும் முதலாளிகள் அல்லர். நியூயார்க்கில் ஒயின் இறக்குமதி செய்யும் ஒரு சிறு கம்பெனியும், அதனுடன் சேர்ந்த நான்கு சிறு வியாபாரிகளும், பிள்ளைகளுக்கான கல்விப் பொம்மைகள் விற்கும் ஒரு குடும்பக் கம்பெனியும் முன்வந்தன. 12 மாநிலங்களும் வழக்குத் தொடுத்தன. அவர்கள் கேட்ட கேள்வி ஒன்றே: எந்தச் சட்டத்தின்படி இந்த வரி?

2025 மே 28-இல் சர்வதேச வர்த்தக நீதிமன்றம் ஒயின் கம்பெனி, அதனுடன் சேர்ந்த வியாபாரிகள், மாநிலங்கள் ஆகியோர் பக்கம் தீர்ப்பளித்தது. ஆகஸ்ட் 29-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 7-க்கு 4 என்று அதை ஒட்டியே சொன்னது. 2026 பிப்ரவரி 20-இல் உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்று முடித்துவைத்தது. இறக்குமதியை ஒழுங்கு செய்யலாம் என்று 1977-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வதால், வரி போடும் அதிகாரம் கொடுத்ததாக ஆகாது என்பதே தீர்ப்பு. வரி நல்லதா கெட்டதா என்று நீதிபதிகள் ஆராயவில்லை. போடும் உரிமை யாருக்கு என்றே பார்த்தார்கள்.

ஜனாதிபதி சும்மா இருந்தாரா? இல்லை. அன்றே 1974-ஆம் ஆண்டு வர்த்தகச் சட்டத்தைக் காட்டி 10 சதவீத வரி அறிவித்தார். ஆனால் அந்தச் சட்டத்தில் 15 சதவீதத்துக்கு மேல் போக முடியாது. 150 நாளுக்குமேல் நீட்டக் காங்கிரஸ் சம்மதிக்க வேண்டும். அவிழ்த்துவிட்ட மாடு வேறு, முளையில் கட்டிய மாடு வேறு.

தோழர்களே, நமக்கும் அத்தகைய கயிறு உண்டு. சட்டத்தின் அதிகாரமின்றி வரி விதிக்கலாகாது என்கிறது நம் அரசியல் சட்டத்தின் 96-ஆவது ஷரத்து. சட்டம் அனுமதித்தவை தவிர வேறு எதையும் கூலியில் பிடிக்கலாகாது என்கிறது 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு.

ஆகவே சம்பளச் சீட்டைப் படியுங்கள். படிக்கத் தெரியாதவருக்குக் கிராணிமார் படித்துக் காட்டுங்கள். விளங்காத பிடித்தம் இருந்தால், எந்தச் சட்டத்தின்படி என்று மரியாதையாகக் கேளுங்கள். ஒருவராகக் கேட்டால் முணுமுணுப்பு என்பார்கள். சங்கமாகக் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும்.