சாவின் அழகு யாருக்கு?

(அடி அண்ணாமலையில் செய்த சொற்பொழிவு)



இன்றைக்கு நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் சாவு. விளக்கு வைக்கிற நேரத்தில் இதென்ன அபசகுனப் பேச்சு என்று சிலர் முகம் சுளிக்கலாம். ஆனால் இதை இங்கே பேசாமல் வேறு எங்கே பேசுவது? பௌர்ணமிக்குப் பௌர்ணமி 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றும் ஜனங்கள் உங்கள் ஊர் வழியாகத்தான் போகின்றார்கள். அவர்கள் கும்பிட்டுப் போகும் 8 லிங்கங்களில் ஒன்று எமன் பேரால் இருக்கின்றது. காசியில் செத்தால் மோக்ஷம், அண்ணாமலையை நினைத்தாலே மோக்ஷம் என்கின்றார்கள். ஆகவே சாவுக்கு அழகு செய்து பேர் வாங்கிய ஊர்களில் இதுவும் ஒன்று.

மனிதன் சாவுக்குப் பயப்படுவது குற்றமல்ல. தாயை இழந்தவள் ஒப்பாரி சொல்லி அழுவதையும், பிணத்துக்கு ஒரு மாலை போடுவதையும் நாம் குறை சொல்ல வரவில்லை. அது துக்கத்துக்கு ஓர் ஆறுதல். ஆனால் சாவுக்குச் செய்கிற அழகு எதையாவது மறைக்கின்றதா, மறைத்தால் அதனால் லாபம் யாருக்கு என்பதே நமது கேள்வி.

உங்களுக்குத் தெரிந்த கதையையே எடுத்துக்கொள்வோம். வல்லாள மகாராஜாவுக்குப் பிள்ளையில்லை. ஆதலால் அண்ணாமலையாரே பிள்ளையாய் வந்தார். இன்றைக்கும் மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போய் ராஜாவுக்குத் திதி கொடுக்கின்றார் என்கின்றார்கள். கேட்பதற்கு அழகான கதைதான். சரித்திரம் என்ன சொல்லுகின்றது? இவர் ஹொய்சள அரசர் மூன்றாம் வல்லாளர். துவாரசமுத்திரம் அழிந்த பிறகு திருவண்ணாமலையைத் தலைநகராக வைத்துக்கொண்டிருந்தவர். 1342-43-ல், வயது முதிர்ந்த காலத்தில், கண்ணனூர்ச் சண்டையில் மதுரை சுல்தானிடம் பிடிபட்டார். அவரைக் கொன்று, தோலை உரித்து, வைக்கோல் அடைத்து மதுரை மதில்மேல் தொங்கவிட்டார்கள். அதைத் தன் கண்ணாலேயே பார்த்ததாக இபன் பதூதா என்னும் யாத்திரிகர் எழுதிவைத்திருக்கின்றார். பிள்ளையில்லை என்பதும் மெய்யல்ல. அவருக்குப் பின் பட்டத்துக்கு வந்தவர் அவருடைய மகனேயாகும்.

உடனே ஒருவர் எழுந்து, "பார்த்தீர்களா, அந்நிய மதத்தான் செய்த கொடுமையை!" என்று சொல்லக்கூடும். சமணர் எண்ணாயிரவரைக் கழுவேற்றியதாகப் புராணத்தில் பெருமையாய்ப் பாடிவைத்துக்கொண்டிருக்கிற நமக்கு அப்படிச் சொல்ல வாயேது? ராஜாக்களுடைய கொலைத்தொழிலுக்கு மதபேதம் கிடையாது.

நிற்க. மதிலில் தொங்கிய கிழவனை மறந்துவிட்டு, சாமி திதி கொடுக்கும் கதையை மட்டும் வைத்துக்கொண்டதன் பலன் என்ன? "சாமியே திதி கொடுக்கும்போது நீ கொடுக்காமல் இருக்கலாமா?" என்று புரோகிதன் கேட்க முடிகின்றது. ஆண்பிள்ளை இல்லாதவனுக்குக் கதியில்லை என்று பெண்ணைப் பெற்றவனைப் பயமுறுத்த முடிகின்றது. அரைவயிற்றுக் கஞ்சி குடிப்பவனும் கடன் வாங்கிக் கருமாதி செய்யவேண்டியதாகின்றது. அழகின் லாபம் யாருக்குப் போயிற்று என்பதை நீங்களே கணக்குப் பாருங்கள்.

இனி, கிட்டத்துக் காலத்துக்கு வருவோம். ரமணர் 1950 ஏப்ரல் 14-ந் தேதி இரவு காலமானார். அந்நேரம் வானத்தில் ஒரு நட்சத்திரம் ஓடியதை எல்லோரும் சொல்லுகின்றார்கள். நட்சத்திரம் ஓடியதை நாம் மறுக்கவில்லை. ஆகாயத்துக் கல்லும் தூசியும் காற்று மண்டலத்தில் எரிவது யார் செத்தாலும் செத்தாவிட்டாலும் தினமும் நடப்பதுதான். ஆனால் அவர் இடது கையில் புற்றுக் கட்டியோடு ஒரு வருஷத்துக்கு மேல் இருந்ததையும், 1949-ஆம் வருஷத்தில் மட்டும் 4 தடவை கத்தி வைத்ததையும் எத்தனை பேர் சொல்லுகின்றார்கள்? புண்ணைக் கழுவிக் கட்டிய கை யாருடையது என்று எத்தனை பேர் கேட்கின்றார்கள்? நட்சத்திரம் அவருக்கு ஓர் உதவியும் செய்யவில்லை. கட்டுத்துணி மாற்றிய கை செய்தது.

மற்றொன்று கேளுங்கள். 2019 ஆகஸ்டு மாதம் வாணியம்பாடிக்குப் பக்கத்தில் நாராயணபுரத்தில், தாழ்த்தப்பட்ட வகுப்பார் ஒருவருடைய பிணத்தை மேல்சாதியார் நிலத்தின் வழியே கொண்டுபோக முடியாததனால், பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். சென்னை ஹைகோர்ட்டு தானாகவே அதை விசாரணைக்கு எடுத்தது. எமனுக்குச் சாதியில்லை, சாவில் எல்லோரும் சமம் என்று வேதாந்தம் பேசுகின்றோமே, அந்தச் சமம் ஒரு பாடை போகிற அகலத்துக்குக்கூட இல்லையென்றால் அந்த வேதாந்தத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அப்படியானால் சாவில் அழகே கிடையாதா என்று கேட்பீர்கள். உண்டு என்றுதான் சொல்லுகின்றோம். அது மூன்று இடத்தில் இருக்கின்றது.

சாகிறவனுக்கு வலியில்லாமல் பார்த்துக்கொள்வது ஒன்று. புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் மருந்து உண்டு. 1985-ஆம் வருஷத்துப் போதைமருந்துச் சட்டத்தின் கெடுபிடியால் அது நோயாளிக்குக் கிடைப்பது அரிதாயிருந்தது. 2014-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். கண்ணியமாகச் சாவதும் மனிதனுடைய உரிமைதான் என்று 2018 மார்ச்சு 9-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது. ஆகவே "கர்மபலன், அனுபவிக்கட்டும்" என்று இனி யாரும் சொல்ல வேண்டாம். ஆஸ்பத்திரியில் மருந்தைக் கேளுங்கள்.

செத்தவனுக்குச் சாதி பார்க்காத பாதையும் சுடுகாடும் இரண்டாவது. இதற்கு மந்திரம் வேண்டாம். ஊரார் மனது வைத்தால் போதும்.

செத்த உடம்பு பிறருக்கு உதவுவது மூன்றாவது. செத்த 6 மணி நேரத்துக்குள் கண்ணைக் கொடுத்தால் குருடருக்குப் பார்வை வருகின்றது. உடல் உறுப்பைக் கொடுத்துச் சாகிறவர்களுக்கு அரசாங்க மரியாதை உண்டென்று 2023 செப்டம்பரில் தமிழ்நாட்டு அரசு அறிவித்தது. ராஜாவுக்குச் சாமி திதி கொடுக்கும் திருவண்ணாமலையிலே, கூலிக்காரனும் அந்த மரியாதையைப் பெறலாம். அதற்குப் பிள்ளை வேண்டியதில்லை, புரோகிதனும் வேண்டியதில்லை.

தோழர்களே, நாம் சொல்லிவிட்டோமென்று நம்பிவிடாதீர்கள். வீட்டுக்குப் போய் யோசியுங்கள். உங்கள் தெருவில் படுக்கையில் கிடக்கும் கிழவன் கிழவி யாராவது இருந்தால், மலை சுற்றப் போகுமுன் அந்த வீட்டுக்குள் ஒரு தரம் போய்த் தண்ணீர் வேண்டுமா என்று கேளுங்கள். சாவின் அழகு அங்கேதான் தொடங்குகின்றது என்று சொல்லி, நமது பேச்சை முடித்துக்கொள்ளுகின்றோம்.