கர்ப்பத்தடையும் ஆண்மையும்

(அம்பத்தூர்க் கூட்டத்தில் பேசியது)



கர்ப்பத்தடை என்றாலே மக்கள் காதைப் பொத்திக்கொண்ட காலம் ஒன்றுண்டு. பிள்ளை கடவுள் கொடுப்பது, அதைத் தடுப்பது பாவம் என்றார்கள். அக்காலத்திலேயே, 1920களின் கடைசியில், சென்னையில் கர்ப்பத்தடைக்கென்று ஒரு சங்கம் ஏற்பட்டது. அதிலிருந்த பெரிய மனிதர்களுக்கு ஜனத்தொகையைப் பற்றியும் தரித்திரத்தைப் பற்றியும் கவலை. "குடி அரசு" அதை ஆதரித்ததோ பெண் விடுதலைக்காக. இவ்விரண்டும் ஒன்றுபோலத் தோன்றும்; ஒன்றல்ல.

இன்று பாவம் என்கிற பேச்சு அநேகமாய்ப் போய்விட்டது. கோவிலுக்குத் தவறாமல் போகிறவரும் இரண்டு பிள்ளைக்குமேல் வேண்டாமென்கிறார். சரி, கத்தி யார்மேல் விழுகிறது? சர்க்காரே 2019-21ல் எடுத்த குடும்பநலக் கணக்கைப் பாருங்கள். இந்தியாவில் பிள்ளை பெறும் வயதிலுள்ள மணமான பெண்கள் 1000 பேரில் சுமார் 380 பேர் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். புருஷன் செய்துகொண்டது 1000க்கு 3!

வேலை எது சுலபம்? பெண்ணுக்கு வயிற்றைத் திறக்கவேண்டும். ஆணுக்கு அவ்விடத்தை மட்டும் மரக்கவைத்து, விதைப்பையின் தோலில் சிறு துளையிட்டு, குழாயைத் துண்டித்தால் தீர்ந்தது. அன்றே வீட்டுக்குப் போகலாம். இந்திரியம் வழக்கம்போல் வரும். கருவுண்டாக்கும் அணுமட்டும் இராது. அதுவும் உடனே அல்ல. மூன்று மாதம் வேறு தடையைக் கையாண்டு, பிறகு பரீட்சை செய்துகொள்ளவேண்டும். ஆண்மைக்குரிய சத்து இரத்தத்தில் கலந்து போவதே தவிர இந்தக் குழாயில் போவதல்ல. ஆவடியில் யுத்த டாங்கி செய்கிற தோழர்களுக்கு நாம் சொல்லவேண்டுமா? டீசல் குழாயை அடைத்தால் பாட்டரி விளக்கு அணைந்துபோகும் என்று ஒருவன் சொன்னால் சிரிக்கமாட்டீர்களா?

ஆண்கள் செய்துகொள்ளாமலும் இல்லை. 1971ல் எர்ணாகுளத்தில் நடந்த ஒரே முகாமில் 60,000 ஆண்களுக்குமேல் செய்துகொண்டார்கள். நெருக்கடி நிலையின்போது, 1976-77ல், 60 லட்சம் ஆண்களுக்குமேல். இதில் பலாத்காரம் மிகுதி, அது அக்கிரமமே. ஆண்களுக்குக் கோபம் வந்தது. 1977 தேர்தலில் சர்க்கார் கவிழ்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அப்புறம் வந்த சர்க்கார்களெல்லாம் ஆணைத் தொடப் பயந்து பெண் பக்கம் திரும்பின. 2014 நவம்பரில் சத்தீஸ்கரில் ஒரு முகாமில் சில மணி நேரத்திற்குள் 80க்கு மேற்பட்ட பெண்களுக்கு ஆபரேஷன் செய்தார்கள். பத்துக்கு மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அதற்காக எந்த சர்க்கார் கவிழ்ந்தது?

இந்தத் தொழிற்பேட்டையில் துணி தைக்கிற பெண்ணைப் பாருங்கள். பகலெல்லாம் மிஷின், விடியற்காலையிலும் இரவிலும் அடுப்பு. ஆபரேஷன் என்று வந்தால் அதுவும் அவளுக்கே. "என் பிள்ளை பாரம் தூக்குகிறவன்" என்கிறாள் மாமியார். தண்ணீர்க் குடம் பாரமில்லையா? வயிற்றிலே பத்து மாதம் சுமந்தது பாரமில்லையா?

இதைவிடக் கேவலமான பயம் ஒன்றிருக்கிறது. புருஷன் ஆபரேஷன் செய்துகொண்ட பின் தவறிக் கர்ப்பமுண்டானால் பெண்ணின் கற்பைச் சந்தேகிப்பார்களே என்று பெண்களே நடுங்குகிறார்கள். ஆகவே, தானே அறுத்துக்கொள்வது மேல் என்று முடிவு செய்கிறார்கள். ஆபரேஷன் தவறுவது அபூர்வமென்றாலும் உண்டு. அதற்குப் பரீட்சையும் உண்டு. புருஷன் பரீட்சைக்குப் போகாமல் பெண்ணைச் சந்தேகிப்பது எந்த ஊர் நியாயம்? ஆண் கருத்தடை செய்துகொண்ட பின் பிற ஸ்திரீகளிடம் போவானே என்று எந்த மாமியாராவது கவலைப்பட்டதுண்டா? கற்பு ஒருவருக்கு மாத்திரம் விலங்காயிருக்கிறவரையில், கர்ப்பத்தடைகூடப் பெண்ணின் தலையில்தான் வந்து விழும்.

கேள்வி கேட்க விரும்புகிறவர்கள் கேட்கலாம். தாய்மார்கள் முதலில் கேளுங்கள்.