முதியோரின் மானம் காப்போம்

(பழுகாமத்தில் நடைபெற்ற கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



நமது படுவான்கரை மண்ணில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்கே சீதனமாகச் செல்கின்றன. மகளுக்கு வீட்டைக் கொடுத்த தாய் அவ்வீட்டிலேயே கண்மூடுவாள் என்பது முன்னோர் கண்ட ஒழுங்கு. போரும் இடப்பெயர்வும் கடல்கடந்த பிழைப்பும் அவ்வொழுங்கைக் குலைத்துவிட்டன. முதியோர் தொகையோ பெருகுகின்றது. 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் இந்நாட்டில் அறுபது வயதை எட்டியோர் நூற்றுக்கு 6.6 பேர், 2012இல் 12.4 பேர். ஆகவே முதியோர் இல்லங்கள் வேண்டும். அவற்றை நடத்துவோரைப் பழிக்க நான் இங்கு வரவில்லை. ஒரு கடமையை நினைவூட்டவே வந்தேன்.

சில காலத்துக்கு முன் ஓர் இல்லத்துக்குச் சென்றிருந்தேன். அதன் பெயர் வேண்டாம். யாரோ ஒருவரின் நினைவு நாளுக்காக வெளிநாட்டு உறவினர் அனுப்பிய பணத்தில் மதிய உணவு. இலை போட்டாயிற்று, சோறும் வைத்தாயிற்று. ஆயினும் ஒருவரும் உண்ணவில்லை. படம் எடுப்பவர் வரவேண்டுமாம்! அருகிலிருந்த மூதாட்டி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, “தம்பி, நான் இஞ்ச இருக்கிறது ஊருக்குத் தெரியாது. என்ட முகம் விழாம எடுக்கச் சொல்லுங்க” என்றார். அன்று மாலைக்குள் அப்படம் கைத்தொலைபேசிகளில் ஊரெங்கும் உலவியது. ஒரு நேரச் சோற்றுக்கு அத்தாய் கொடுத்த விலை என்ன?

படத்தோடு இது முடிவதில்லை. திரையின்றி உடை மாற்றுவதும், வருவோர் போவோரிடம் “இவருக்கு இன்ன நோய்” என்று கூறுவதும், முதியவருக்கு வந்த கடிதத்தைப் பிறர் பிரிப்பதும் இதே குற்றத்தின் கிளைகளே.

நோயாளியின் மறைபொருளை வெளியிடாதே என்பது மருத்துவரின் பழம்பெரும் உறுதிமொழி. அமெரிக்காவில் 1987ஆம் ஆண்டுச் சட்டம், பராமரிப்பு இல்லங்களில் வாழ்வோரின் அந்தரங்கத்தை உரிமையாகவே வகுத்தது. நம் நாட்டிலும் முதியோர் உரிமைகளைக் காக்க 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் உண்டு. 2022இல் பாராளுமன்றம் நிறைவேற்றிய தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், உடல்நலம் பற்றிய தகவலுக்குச் சிறப்பான காவலைக் கோருகின்றது. அச்சட்டத்தை நடைமுறைப்படுத்துவதற்குத் தவணை கொடுக்கப்பட்டது. மனச்சாட்சிக்குத் தவணை உண்டோ?

“படம் இல்லாவிட்டால் கொடையாளர் நம்பமாட்டார்” என்பர் சிலர். கணக்குக் கேட்பது நியாயமே. அதற்குப் பற்றுச்சீட்டு உண்டு, கணக்கேடு உண்டு. முதியவரின் முகம் பற்றுச்சீட்டு ஆகாது! வெளிநாட்டில் வாழும் நம் உறவினரும் இதை உணர்வாராக.

செய்யவேண்டியவை பெரிய காரியங்களல்ல. குளிக்கவும் உடை மாற்றவும் மறைவிடம் வேண்டும். நோய்க் குறிப்புகள் பூட்டிய அலுமாரியில் இருக்கவேண்டும். படம் எடுக்குமுன் முதியவரிடமே, அவருக்கு விளங்கும் தமிழில், இசைவு கேட்கவேண்டும். செலவு கொடுக்கும் பிள்ளையின் இசைவு தாயின் இசைவாகிவிடாது. “வேண்டாம்” என்று சொன்னவருக்கும் அதே சோறு, அதே அன்பு கிடைக்கவேண்டும்.

உழவர் பெருமக்களே! யானைக்கு அஞ்சி இரவெல்லாம் கண்விழித்து வயலைக் காவல் காக்கின்றீர்கள். அவ்வயலை நமக்குத் தந்த கைகளுக்கு ஒரு திரைச்சீலை தொங்கவிட நம்மால் இயலாதா? இல்லங்களுக்கு நெல்லும் அரிசியும் அனுப்பும் நீங்களே இக்கேள்வியை அங்கு கேளுங்கள். கொடுப்பவர் கேட்டால் நிருவாகம் செவிசாய்க்கும்.