மணலிலிருந்து மலைக்கு
(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



திருப்பெரும்புதூரில் கூடியிருக்கும் நம்மிடையே உதகைக்கு அருகிலுள்ள ஒரு பள்ளியைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். லவ்டேல் லாரன்ஸ் பள்ளியின் வேர்களுள் ஒன்று நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது என்பதே காரணம்.

1789ஆம் ஆண்டு, சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆண் குழந்தைகளுக்கான ஆதரவற்றோர் இல்லத்தின் பொறுப்பை ஆண்ட்ரு பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஏற்றார். ஆசிரியர்கள் அவர் சொல்வதைக் கேட்கவில்லை. அந்நாளில், 'மலபார்ப் பள்ளி' ஒன்றில் சிறுவர்கள் மணலில் விரலால் எழுதிப் பயில்வதை அவர் கண்டார். ஐரோப்பியர் அக்காலத்தில் தமிழரையே மலபாரியர் என்றனர். ஆகவே அது தமிழ்ப் பள்ளி. உடனே தம் இல்லத்திலும் மணலைப் பரப்பினார். ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனையே சிறு வகுப்புக்கு எழுத்துக் கற்பிக்கச் செய்தார். நம் சட்டாம்பிள்ளை முறைதான்! 1797இல் பெல் இதை இலண்டனில் நூலாக வெளியிட்டார். 'சென்னை முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்தெங்கும் பரவியது.

இதைக் கேட்டு நாம் பூரித்துப்போய் நின்றுவிடலாகாது. சட்டாம்பிள்ளையின் பிரம்பை நம் தாத்தாக்கள் மறந்தவர்கள் அல்லர். என் வருத்தம் வேறு. ஃபிரிஸ்கனின் பெயர் ஏட்டில் நின்றது. மணலில் எழுதிய தமிழ்ச் சிறுவரின் பெயரோ, அவர்களுடைய ஆசிரியர் பெயரோ நிற்கவில்லை. பெல் மணலை எடுத்துக்கொண்டார், மொழியை விட்டுவிட்டார்.

இனி மலைக்கு வருவோம். 1857இல் இலக்னோ முற்றுகையில் இறந்த சர் ஹென்றி லாரன்ஸ், ஐரோப்பியப் படைவீரர்களின் பிள்ளைகளைச் சமவெளியின் வெப்பத்திலிருந்தும் நோயிலிருந்தும் காக்கக் குளிர்மலைகளில் இல்லங்கள் வேண்டுமென்று விரும்பியவர். 1847இல் சனாவரில் முதல் இல்லம் எழுந்தது. அவர் நினைவாக 1858 செப்டம்பரில் உதகையில் ஒன்று தொடங்கிப் பின்னர் லவ்டேலுக்குப் பெயர்ந்தது. 1870களின் தொடக்கத்தில் எழும்பூர் இல்லமும் இதனோடு இணைக்கப்பட்டது. மாநிலக் கல்லூரியையும் செனட் இல்லத்தையும் வடித்த இராபர்ட் சிசம் தான் இதன் மணிக்கோபுரக் கட்டடத்தையும் வடித்தவர். அந்த மணியோசை கேத்திப் பள்ளத்தாக்கில் படகர்களின் வயல்வரை கேட்டிருக்கும். அவர்கள் பிள்ளைகளுக்கோ, தமிழ்ப் பிள்ளைகளுக்கோ அது அடிக்கவில்லை.

அங்கே மாணவ வாழ்க்கை படைமுகாமின் சாயலில் அமைந்தது. 1925இல் பள்ளியின் பெயரிலேயே 'இராணுவ' என்ற சொல் ஏறியது. 1949இல் பாதுகாப்பு அமைச்சகத்திடமிருந்து கல்வி அமைச்சகத்தின் கைக்கு மாறிய பிறகே இந்நாட்டுப் பிள்ளைகளின் பள்ளியாயிற்று. இன்று மாணவர் இல்லங்களுக்கு நீலகிரி, ஆரவல்லி, விந்தியம், சுமேரு என மலைப் பெயர்கள். ஆனாலும் நிறுவனர் நாள் அணிவகுப்பு நிற்கவில்லை. 'ஒருபோதும் விட்டுக்கொடாதே' என்ற பள்ளி வாசகமும் மாறவில்லை. புக்கர் பரிசு பெற்ற அருந்ததி ராய் அங்கே பயின்றவர்.

விடுதி என்பது விசித்திரமான இடம். எட்டு வயதில் கட்டிலும் பெட்டியும் மட்டுமே சொந்தமாகின்றன; அம்மாவின் குரல் விடுமுறைக்கு ஒத்திவைக்கப்படுகிறது. அழுவதற்குக்கூட விளக்கணையும் வரை காத்திருக்க வேண்டும். இந்தத் தனிமையை ஆங்கிலத்தில் எழுதியவர் பலர். தமிழ்க் கவிதையில் அது போதுமான அளவு பதிவாகவில்லை என்பது என் கருத்து. மறுப்போர் மறுக்கலாம்.

ஒரகடத்திலும் சுங்குவார்சத்திரத்திலும் ஆலைப் பேருந்துக்காக விடியுமுன் நிற்கும் பெண்களைப் பாருங்கள். தென்மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள். ஓர் அறையில் பலர், பெட்டி கட்டிலுக்கடியில், வீட்டுப் பேச்சு கைப்பேசியில். பள்ளியை விட்ட வயதிலேயே மீண்டும் விடுதிக்கு வந்த பிள்ளைகள் இவர்கள். மணியடித்து எழுப்ப ஆளில்லை, ஆலை நேரமே எழுப்புகிறது. இம்மலருக்கு வந்த கவிதைகளில் திருப்பெரும்புதூர்க் கோயில் உண்டு, ஏரி உண்டு, மழை நிரம்ப உண்டு. இவர்களுள் ஒருத்தியும் இல்லை.

அடுத்த திங்கள் கூட்டத்திற்கு அவ்விடுதிகளிலிருந்து இருவரையேனும் அழைக்க வேண்டுமெனச் செயற்குழுவிடம் கேட்டுள்ளேன். ஞாயிறு மாலை வைத்தால் வர இயலாது என்கிறார்கள். அன்றுதான் துணி துவைக்கத் தண்ணீர் கிடைக்குமாம். வேறு நாள் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.