சேர்க்க ஒரு வரி, நீக்க ஒரு வருடம்

சமையல் கேஸ் பதிவுசெய்ய அழைக்கிறீர்கள். நுகர்வோர் எண்ணை யாரும் கேட்பதில்லை; கைப்பேசி எண்ணை வைத்தே உங்கள் பெயரும் முகவரியும் வந்துவிடுகின்றன. ஒரு கோடிப் பேர் உள்ள பட்டியலில் இது எப்படி நடக்கிறது?

அந்தப் பட்டியல் நுகர்வோர் எண் வரிசையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கைப்பேசி எண்ணைத் தேட, முதல் வரியிலிருந்து புரட்ட வேண்டியதுதான். அதைத் தவிர்க்கத்தான் செகண்டரி இண்டெக்ஸ், அதாவது துணை அட்டவணை. கைப்பேசி எண்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதற்குரிய நுகர்வோர் எண்ணைக் குறித்து வைப்பார்கள். மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில் இருக்கும் இன்னோடிபி என்ற சேமிப்புப் பகுதி செய்வது இதைத்தான். குறித்துவைக்கும் முறைக்கு பி-ட்ரீ என்று பெயர். போயிங் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ருடால்ஃப் பேயரும் எட்வர்ட் மெக்கிரைட்டும் 1970 வாக்கில் உருவாக்கியது. கோடி வரிகள் இருந்தாலும் மூன்று நான்கு படி இறங்கினால் போதும், எண் அகப்பட்டுவிடும்.

இண்டெக்ஸ் சேர்க்க ஒரே வரிக் கட்டளை. ஆனால் போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு தரவுத்தள மென்பொருளில், சாதாரணமாக அது உருவாகி முடியும்வரை புதுப் பதிவுகள் வாசலில் நிற்கும். 2006-இல் போஸ்ட்கிரெஸே இதற்கு ஒரு வழி கண்டது. பதிவுகளை நிறுத்தாமல், பட்டியலை இருமுறை படித்து இண்டெக்ஸைக் கட்டும். நேரம் கூடுதலாகும். நடுவில் தடங்கல் வந்தால் அரைகுறை இண்டெக்ஸ் ஒன்று தங்கிவிடும். தேடலுக்கு உதவாது, ஆனால் ஒவ்வொரு பதிவிலும் அதற்கும் தண்டமாக எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். கையால்தான் நீக்க வேண்டும்.

நல்ல இண்டெக்ஸுக்கும் இந்தச் செலவு உண்டு. பத்து இண்டெக்ஸ் இருந்தால், புதிதாக ஒருவர் சேரும்போது பத்து இடத்தில் எழுத வேண்டும். அப்படியும் பழையதைத் தொட யாருக்கும் துணிவு வருவதில்லை. அந்தப் பயம் நியாயமானது என்றே சொல்வேன். எத்தனை முறை பயன்பட்டது என்று கணக்குக் காட்டும் வசதி இருக்கிறது. ஆனால் எட்டு மாதமாகச் சுழியம் காட்டும் இண்டெக்ஸ், மார்ச் மாத ஆண்டுக் கணக்குக்கு மட்டும் தேவைப்படலாம். ஒரே எண் இருமுறை பதிவாகாமல் தடுக்கும் யுனீக் இண்டெக்ஸும் தேடலில் தலைகாட்டாமலே இருக்கலாம்; அதை நீக்கினால் தடையும் போய்விடும்.

மைஎஸ்க்யூஎல் 8.0-இல் இண்டெக்ஸை மறைத்து வைக்கலாம். தேடல்கள் அதைத் தொடாது. உள்ளே பராமரிப்பு மட்டும் நடக்கும். ஏதாவது மெதுவாகிவிட்டால் உடனே திரும்பக் காட்டிவிடலாம். நீக்கியிருந்தால் மறுபடி முதலிலிருந்து கட்ட வேண்டும். மார்ச் தாண்டும்வரை அப்படியே மறைந்திருக்கட்டும். ஏப்ரலில் யாரும் புகார் சொல்லவில்லை, அது யுனீக் இண்டெக்ஸும் இல்லை என்றால், டிராப் இண்டெக்ஸ் கட்டளையைக் கொடுத்து நீக்கலாம்.