எருக்கஞ்செடியின் விருந்தாளி



ஜூபிலிக்காகப் படாளத்தில் பங்கு இல்லத் தோட்டத்தைத் திருத்தியபோது, களையென்று இரண்டு எருக்கஞ்செடிகளை வெட்டினோம். மூன்றாவதன் இலையடியில் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரிகளோடு ஒரு புழுவைக் கண்டு கத்தியை நிறுத்தினோம். அமெரிக்க மோனார்க்கிற்கு உறவான வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழு அது. எருக்கம்பாலின் நஞ்சே அதற்குக் கவசம். ஒருமுறை கொத்திய பறவை மறுமுறை தயங்கும்.

5 நாள் இலை தின்றது. பின் தலைகீழாகத் தொங்கிப் பச்சைக் கூடாயிற்று. 8ஆம் நாள் காலை கூடு வெடித்தது, கசங்கிய ஈரச் சிறகுகள் மெல்ல விரிந்தன, உலர்ந்ததும் பறந்தது. சுற்றி நின்ற பிள்ளைகள் கைதட்டினார்கள்.

நமக்கோ வெட்டிய இரண்டு செடிகளின் நினைவு வந்தது. அவற்றின் இலைகளை நாம் திருப்பியும் பார்க்கவில்லை.

அன்பர்களே, உங்கள் கொல்லையில் ஓர் எருக்கையாவது விட்டுவையுங்கள். வெட்டுமுன் இலையைத் திருப்பிப் பாருங்கள்.